பேர் போடாத வேலைக்காரர்கள்

வீட்டுத் தோட்டமும் அதில் வாழும் உயிர்களும் – ஒரு பாடம்

தோட்டத்தில் ஒரு நாள் வேலை செய்தால் ஒரு பேர். அரை நாள் செய்தால் அரைப் பேர். செக்ரோலில் பேர் விழாது என்றால் யாரும் மலைக்குப் போவதில்லை. ஆனால் நமது லயத்துக்குப் பின்னால் உள்ள மரக்கறிப் பாத்தியில், விடிந்ததிலிருந்து இருட்டும் வரையிலும், இருட்டிய பிறகும் வேலை செய்கிற பலர் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பேரும் இல்லை, சம்பளமும் இல்லை. குருவி, ஓணான், தவளை, சிலந்தி, தேனீ, கண்ணுக்குத் தெரியாத சின்னக் குளவி ஆகியோர்தான் அந்த வேலைக்காரர்கள். இவர்களை அடையாளம் கண்டுகொண்டால் மரக்கறி கூடும், மருந்துச் செலவு குறையும், பிள்ளைகளுக்கு நல்ல பொழுதுபோக்கும் கிடைக்கும்.

"இந்தத் துண்டு மண்ணுல என்னத்தப் போட்டு என்னத்த எடுக்கிறது?" என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இரண்டு விஷயங்களை யோசித்துப் பாருங்கள்.

முதலாவது, பிள்ளைகளின் உடம்பு. 2016ஆம் ஆண்டு நடத்தப்பட்ட குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 100க்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். பெருந்தோட்டப் பிள்ளைகளை மட்டும் எடுத்தால் அது ஏறக்குறைய 32 பேர். மூன்றில் ஒரு பிள்ளை! காலையில் ரொட்டியும் சம்பலும், இரவில் சோறும் கிழங்கும் என்று வயிறு நிறைந்தாலும் சத்து நிறைவதில்லை.

இரண்டாவது, விலைவாசி. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் அந்தத் தடை நீக்கப்பட்டாலும், 2022இல் வந்த பொருளாதார நெருக்கடியில் மரக்கறி விலை ஏறிய ஏற்றத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். நுவரெலியா மரக்கறிக்குப் பேர் போன ஊர். லீக்ஸும் கரட்டும் லொறி லொறியாகக் கொழும்புக்குப் போகும். ஆனால் அதே மலையில் வாழும் நாம் கடையில் விலை கேட்டுவிட்டுத் திரும்பி வந்தோம். அந்த நாட்களில் பின்புறத்தில் நாலு பாத்தி வைத்திருந்த வீட்டுக்கும் வைக்காத வீட்டுக்கும் இருந்த வித்தியாசம் எல்லோருக்கும் தெரியும்.

இடம் எவ்வளவு?

பழைய லயத்தில் இருப்பவர்களுக்கு வாசலில் ஒரு துண்டு, பின்னால் கானுக்கு அந்தப்பக்கம் ஒரு துண்டு இருக்கும். 7 பேர்ச் காணியில் தனி வீடு கிடைத்தவர்களுக்கு மொத்தம் சுமார் 1,900 சதுர அடி. அதில் வீடு 550 சதுர அடி என்றால் மீதி நிலம் வீட்டைவிட இரண்டு மடங்குக்கு மேல். தொடங்குவதற்கு 10 அடிக்கு 20 அடி போதும். அதுவும் இல்லையென்றால் பழைய பசளைச் சாக்கு, உடைந்த பக்கெற், தகர டின் இவற்றில் மண் நிரப்பி வாசலோரம் வைக்கலாம். சாக்கையும் பக்கெற்றையும் முதலில் நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள். அடியில் தண்ணீர் வடியத் துளை வேண்டும். கிருமிநாசினி வந்த போத்தலையும் கேனையும் எக்காரணம் கொண்டும் இதற்கு எடுக்க வேண்டாம்.

முதலில் மண்

நமது மண் தேயிலை மண். தேயிலைக்குப் புளிப்பு மண்தான் பிடிக்கும். கோவா, கரட், பீட்ரூட், போஞ்சி போன்றவற்றுக்கு அந்த அளவு புளிப்பு ஆகாது. புளிப்பு கூடிய மண்ணில் கோவாவின் வேர் கட்டி கட்டியாக வீங்கி, வெயில் நேரத்தில் இலை துவண்டுபோகும் நோயும் எளிதில் வரும். "நாத்து நல்லாத்தான் இருந்திச்சு, ஏன் தலை கட்டல?" என்று கேட்பவர்கள் முதலில் வேரைப் பிடுங்கிப் பார்க்க வேண்டும்.

இதற்கு மருந்து நமக்குத் தெரிந்ததுதான். கவ்வாத்து மலைக்குப் போடுகிற அதே டொலமைட். கடையில் வாங்கி, 3 அடிக்கு 3 அடி இடத்துக்கு ஒரு சிரட்டை அளவு தூவி, முள்ளுப் போட்டுக் கிளறி, இரண்டு வாரம் விட்டுப் பிறகு நடுங்கள். அடுப்புச் சாம்பலும் உதவும். உருளைக்கிழங்குப் பாத்திக்கு மட்டும் இரண்டையும் குறைத்துக்கொள்ளுங்கள். மண்ணின் புளிப்பு மிகவும் குறைந்தால் கிழங்கில் சொறி விழும்.

பாத்தியைச் சரிவுக்குக் குறுக்காகப் போடுங்கள். மேலிருந்து கீழாகப் போட்டால் தென்மேல் பருவ மழையில் உங்கள் மண்ணும் எருவும் கீழ் லயத்துக்காரர் வாசலுக்குப் போய்விடும். பாத்தி 3 அடி அகலம் இருந்தால் இரண்டு பக்கமும் நின்று கையெட்டும் தூரத்தில் வேலை செய்யலாம். பாத்திக்கு மேல்பக்கம் ஒரு சிறு கான் வெட்டி, கீழ்ப்பக்கம் கல் அடுக்குங்கள். அந்தக் கல் அடுக்கைச் சிமெந்து பூசி அடைக்க வேண்டாம். காரணம் பின்னால் வரும்.

கூட்டெருவுக்கு ஒரு மூலை ஒதுக்குங்கள். மரக்கறித் தோல், சாயத்தூள் சக்கை, களை, காய்ந்த இலை, சாணம் இவற்றை மாறி மாறி அடுக்கி, மழை நேராக விழாமல் மூடி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புரட்டிவிட்டால் மூன்று நான்கு மாதத்தில் எரு தயார். குளிர் கூடிய இடங்களில் இன்னும் கொஞ்சம் ஆகும். பச்சைச் சாணத்தை நேராகச் செடிக்குப் போடாதீர்கள்.

எதை நடுவது?

சந்தைக்குப் பயிரிடுபவர் ஒரே மரக்கறியை ஏக்கர் கணக்கில் போடுவார். நாம் வீட்டுக்குப் பயிரிடுகிறோம். ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகப் பலதும் வேண்டும்.

1. சீக்கிரம் வருபவை: முள்ளங்கி ஒன்றரை மாதத்தில் வந்துவிடும். சலாது, நோக்கோல், கீரை வகைகள் ஒன்றரை முதல் இரண்டு மாதம். புதிதாகத் தொடங்குபவர்கள் இவற்றில் தொடங்கினால் மனம் சோராது.

2. நடுத்தரம்: போஞ்சி இரண்டு மாதத்தில் காய்க்கத் தொடங்கும். கரட், பீட்ரூட், கோவா ஏறக்குறைய மூன்று மாதம், சில இடங்களில் அதற்கு மேலும் ஆகும்.

3. பொறுத்திருந்து எடுப்பவை: லீக்ஸ் நான்கு ஐந்து மாதம் நிற்கும். மேரக்காய்க் கொடியை ஒருமுறை பந்தலில் ஏற்றிவிட்டால் வருடக்கணக்கில் காய்க்கும். அதன் இளம் கொழுந்தையும் சமைக்கலாம். மரத்தக்காளி காய்க்க ஒன்றரை இரண்டு வருடம் எடுக்கும். ஒரு மரம் ஒரு வீட்டுக்குப் போதும்.

4. ஓரத்தில்: வல்லாரை, பசளி, கொத்தமல்லி, வெங்காயத்தாள். இரண்டு மூன்று செவ்வந்திச் செடியும் வையுங்கள்.

கோவா நின்ற பாத்தியில் அடுத்த முறை கோவாவோ நோக்கோலோ முள்ளங்கியோ வேண்டாம். மூன்றும் ஒரே குடும்பம், நோயும் ஒன்று. போஞ்சியோ கரட்டோ போடுங்கள். ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் நுவரெலியாப் பக்கம் இரவில் உறைபனி விழும். கோவா, லீக்ஸ், கரட் ஓரளவு தாங்கும். போஞ்சி, தக்காளி, பூசணி கருகிவிடும். அந்த இரவுகளில் சாக்கையோ மானாப் புல்லையோ மேலே போட்டு, காலையில் எடுத்துவிடுங்கள்.

புழுவைத் தின்ன ஆள் உண்டு: தேயிலை சொல்லும் கதை

மரக்கறி வந்தால் புழுவும் வரும். உடனே கை மருந்து டப்பாவைத் தேடும். அதற்கு முன், நமது தேயிலை மலையிலேயே நடந்த ஒரு சம்பவத்தைத் தெரிந்துகொள்வது நல்லது.

தேயிலைக் கொழுந்தை நூலால் ஒட்டிச் சுருட்டி உள்ளே இருந்து தின்னும் இலைசுருட்டிப் புழு ஒரு காலத்தில் இலங்கைத் தேயிலைக்குப் பெரிய எதிரி. 1925இல் நிறுவப்பட்டு, பின்னர் தலவாக்கலை சென்கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் இதற்கு ஒரு வழி தேடியது. 1935–36 ஆண்டுகளில் ஜாவாத் தீவிலிருந்து ஒரு சின்னஞ்சிறு குளவி கொண்டுவரப்பட்டது. அது அந்தப் புழுவின் உடம்புக்குள் முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் குஞ்சுகள் புழுவை உள்ளிருந்தே தின்றுவிடும். குளவி மலை முழுக்கப் பரவியது, புழு அடங்கியது. யாரும் மருந்து அடிக்கவில்லை.

பின்பு 1960களை ஒட்டிய ஆண்டுகளில், தேயிலைத் தண்டைத் துளைக்கும் வண்டை ஒழிப்பதற்காக டீல்ட்ரின் என்ற கடும் மருந்து அடிக்கப்பட்டது. என்ன நடந்தது தெரியுமா? அந்த மருந்து குளவியையும் சேர்த்துக் கொன்றுவிட்டது. காவல் இல்லாத மலையில், அடங்கியிருந்த இலைசுருட்டிப் புழு மறுபடியும் படையெடுத்தது. ஒரு பூச்சியைக் கொல்லப் போய் இன்னொரு பூச்சியை வளர்த்துவிட்ட கதை இது.

இங்கே ஒரு விளக்கம். மலையில் கொழுந்து எடுக்கும்போது கூடு கலைந்து வந்து கொட்டும் குளவியும் பெருந்தேனீயும் வேறு. அவை ஆளைக் கொல்லக்கூடியவை. அந்தக் கூடு கண்ணில் பட்டால் உடனே கங்காணியிடம் சொல்லி, அந்த நிரையை விட்டு விலக வேண்டும். நாம் இங்கே சொல்வது எறும்பளவுகூட இல்லாத சின்னக் குளவிகள். அவற்றால் மனிதரைக் கொட்ட முடியாது. உங்கள் கோவாப் பாத்தியில் அசையாமல் கிடக்கும் பச்சைப் புழுவுக்குப் பக்கத்தில் அரிசி போல வெள்ளையாகவோ மஞ்சளாகவோ சிறு கூடுகள் இருந்தால், அது அந்தக் குளவியின் வேலை. அந்தப் புழுவை நசுக்காமல் விட்டுவிடுங்கள். அதிலிருந்து இன்னும் பல காவல்காரர்கள் வருவார்கள்.

கோவா இலையில் சல்லடை போடும் சின்னப் பச்சைப் புழு இன்னொரு பாடம் சொல்கிறது. 1953இல் அதே ஜாவாத் தீவில் டீ.டீ.டீ. மருந்துக்கு அது சாகவில்லை என்று கண்டார்கள். அதன் பிறகு உலகம் முழுக்கப் புதுப்புது மருந்துகள் வந்தன. அது ஒவ்வொன்றையும் பழகிக்கொண்டு வருகிறது. மருந்து பழகாமல் சாவது அதைத் தின்னும் உயிர்கள்தான்.

உங்கள் பாத்தியில் யார் யார்?

வெள்ளைக்கண்ணி: விரல் நீளக் குருவி. முதுகு பச்சை, தொண்டை மஞ்சள், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், மூக்குக் கண்ணாடி போட்டதுபோல இருக்கும். கூட்டமாக வந்து இலை இலையாகத் தேடி அழுக்கணவனையும் சின்னப் பூச்சிகளையும் பொறுக்கும். நமது மலைநாட்டில் அதிகம் காணும் வெள்ளைக்கண்ணி உலகத்தில் இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாத இனம்.

பட்டாணிக் குருவி: கறுப்புத் தலை, வெள்ளைக் கன்னம், சாம்பல் முதுகு. கல் அடுக்கின் பொந்துக்குள் கூடு கட்டும். குஞ்சு பொரித்த நாட்களில் நாள் முழுக்கப் புழுவைக் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டே இருக்கும். கல் அடுக்கை அடைக்க வேண்டாம் என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

புதர்ச்சிட்டு: தேயிலைச் செடியின் உச்சியில், கம்பு முனையில் தனியாக உட்கார்ந்திருக்கும். ஆண் கறுப்பு, சிறகில் வெள்ளைப் பட்டை. பெண் பழுப்பு. தரையில் ஊரும் பூச்சியைக் கண்டதும் இறங்கிப் பிடித்துக்கொண்டு அதே இடத்துக்குத் திரும்பும். போஞ்சிக்குக் கம்பு நட்டால் அது உட்கார இடமும் ஆயிற்று.

தகைவிலான்: லயத்துக் கூரைக்குள்ளும் தொழிற்சாலைச் சுவரிலும் மண் குழைத்துக் கூடு கட்டும் குருவி. பறந்துகொண்டே ஈ, கொசுக்களைப் பிடிக்கும். வாசலில் எச்சம் விழுகிறது என்று கூட்டைக் குத்திவிடுகிறோம். கூட்டுக்குக் கீழே ஒரு பலகைத் துண்டு அடித்துவிட்டால் எச்சம் அதில் விழும்.

செண்பகம்: சற்றுத் தாழ்ந்த தோட்டங்களில் அதிகம் காணலாம். சிவந்த கண், செம்பழுப்புச் சிறகு. பறப்பதைவிட நடப்பதே அதிகம். நத்தையையும் பெரிய பூச்சிகளையும் தின்னும்.

ஆந்தை: "அலறினால் வீட்டுக்கு ஆகாது" என்று கல் எறிகிறோம். அது இரவு முழுக்க எலி பிடிக்கிறது. எலி கரட்டையும் கிழங்கையும் தின்பதோடு எலிக்காய்ச்சலையும் கொண்டுவரும். வீட்டுக்கு ஆகாதது எலிதான், ஆந்தை அல்ல.

ஓணான்: நுவரெலியாப் பக்கம் வேலியில் காணும் பச்சை ஓணானில், உதடு கறுத்த ஒரு வகை உண்டு. அதுவும் இலங்கையின் மத்திய மலைநாட்டைத் தவிர வேறெங்கும் கிடையாது. பையன்கள் சுருக்குப் போட்டுப் பிடித்து விளையாடுவதை நிறுத்தச் சொல்லுங்கள். பாத்தியில் உள்ள வண்டும் வெட்டுக்கிளியும் அதன் சாப்பாடு.

தவளை: இலங்கையில் 100க்கும் மேற்பட்ட தவளை இனங்கள் உண்டு; பெரும்பாலானவை இந்த நாட்டுக்கே உரியவை. நமது மலையில் உள்ள பல சிறு செடித் தவளைகள் குளத்தில் முட்டையிடுவதில்லை. ஈரமான மண்ணிலோ இலையிலோ முட்டையிடும். வால்பேத்தை ஆகாமல் நேராகக் குட்டித் தவளையாகவே வெளியே வரும். நாம் மண்ணில் ஊற்றும் மருந்து அந்த முட்டையின் மேல்தான் விழுகிறது.

மண் பாம்பு: எருக்குவியலைக் கிளறும்போது ஓர் அடிக்குச் சற்றுக் கூடிய, பழுப்பு நிறமான சின்னப் பாம்பு வரும். நுவரெலியாவில் மிகச் சாதாரணம். மண்புழு தின்று வாழும், விஷம் கிடையாது. ஆனாலும் எந்தப் பாம்பையும் கையால் தொட வேண்டாம். ஏனென்றால் சருகுக்குள் கிடக்கும் கோப்பி விரியனும் சிறியதுதான், பழுப்புத்தான். அதன் தலை முக்கோணம், மூக்கு நுனி மேல்நோக்கி இருக்கும். அதன் கடி சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். கட்டுப் போடாமல், கீறாமல், நாட்டு வைத்தியத்துக்கு ஓடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் வரும். எருவைக் கையால் அள்ளாமல் முள்ளால் கிளறுங்கள், காலில் பூட்ஸ் போடுங்கள்.

தேனீ: பூசணி, மேரக்காய் இரண்டிலும் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. தேனீ போய் வந்தால்தான் காய் பிடிக்கும். "பூக்குது, பிஞ்சுலயே உதிருது" என்றால் தேனீ வரவில்லை என்பது ஒரு முக்கிய காரணம். காலையில் பூ விரிந்திருக்கும் நேரத்தில் எந்த மருந்தும் அடிக்கக் கூடாது.

இவர்கள் இலவசமாக வேலை செய்தாலும் சிறு கூலி கேட்பார்கள். கொண்டைக்குருவி பழுத்த மரத்தக்காளியில் ஒன்றிரண்டைக் கொத்தும். காதருகே மஞ்சள் குஞ்சம் வைத்த கொண்டைக்குருவியும் இலங்கை மலைநாட்டுக்கே உரியது. அதைப் பார்க்க வெளிநாட்டவர் காசு செலவழித்து வருகிறார்கள். நமக்கு அது வாசலுக்கே வருகிறது. இரண்டு பழம் போனால் போகட்டும்.

மருந்துக்கு முன் செய்ய வேண்டியவை

1. தினமும் காலையில் ஐந்து நிமிடம் இலையைத் திருப்பிப் பாருங்கள். முட்டையையும் புழுவையும் கையால் எடுங்கள். நாலு பாத்திக்கு இதுவே பெரும்பாலும் போதும்.

2. கோவாப் பாத்திக்கு மேல் பழைய நுளம்பு வலையைக் கம்பு நட்டு மூடினால் வண்ணத்துப்பூச்சி முட்டையிட முடியாது.

3. அழுக்கணவனுக்கு ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சவர்க்காரம் கரைத்து இலையின் அடிப்பக்கம் படும்படி தெளியுங்கள். சமைக்கும் முன் நன்றாகக் கழுவுங்கள்.

4. வெட்டுப்புழு நாற்றை அடியோடு வெட்டினால், நாற்றைச் சுற்றி மட்டையிலோ தகரத்திலோ ஒரு வளையம் வைத்து, பாதி மண்ணுக்குள் புதையுங்கள்.

5. ஓடில்லா நத்தைக்குப் பாத்தி ஓரத்தில் ஒரு பலகையை இரவில் போட்டு, காலையில் புரட்டிப் பொறுக்குங்கள்.

6. கொத்தமல்லியில் நாலு செடியைப் பிடுங்காமல் பூக்க விடுங்கள். அந்தச் சின்னக் குளவிகளுக்கு அதுதான் தேன் கடை.

இவ்வளவுக்கும் மேல் மருந்து தேவைப்படுகிறது என்று நினைத்தால் விவசாயப் போதனாசிரியரைக் கேட்டுச் செய்யுங்கள். தேயிலைக்கு அடிக்க வந்த மருந்தில் மிச்சத்தைக் கொண்டுவந்து மரக்கறிக்கு அடிப்பது தவறு. நமது பிள்ளைகள் தின்னும் கீரை அது.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். லயத்து அறை 10 அடிக்கு 12 அடி. அதற்குள் கிருமிநாசினி போத்தல் இருந்தால் அது பிள்ளையின் கைக்கெட்டும் தூரம்தான். வீட்டில் சண்டை சச்சரவு வந்து மனம் உடைந்த நேரத்திலும் அது கைக்கெட்டும் தூரம்தான். 1995இல் மிகக் கொடிய நச்சுள்ள கிருமிநாசினிகளும் 1998இல் எண்டோசல்பானும் இந்த நாட்டில் தடை செய்யப்பட்ட பிறகு, 2005க்குள் தற்கொலை விகிதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அந்த நேரத்தில் கையில் நஞ்சு இல்லாதபடியால் பிழைத்த உயிர்கள் அவை. ஆகவே வீட்டுக்குள் மருந்து போத்தல் வேண்டவே வேண்டாம். மனம் தாங்காதவர்கள் தனியே இருக்காமல் நம்பிக்கையான ஒருவரிடம், தோட்ட நலன்புரி உத்தியோகத்தரிடம், ஆஸ்பத்திரியில் பேசுங்கள்.

பன்றியும் முள்ளம்பன்றியும்: சுருக்குக் கம்பி வேண்டாம்

எல்லா உயிரும் கூட்டாளி அல்ல. காட்டுப் பன்றி ஒரு ராத்திரியில் பாத்தியைக் கிளறிப் போட்டுவிடும். முள்ளம்பன்றி கிழங்கைத் தோண்டும். குரங்கு மேரக்காயைக் கடித்து எறியும். மூன்று மாத உழைப்பு போகும்போது வயிறு எரியத்தான் செய்யும். அந்தக் கோபத்தில்தான் பலர் கம்பிச் சுருக்கு வைக்கிறார்கள்.

2020 மே 26ஆம் திகதி நல்லதண்ணி, லக்ஷபான தோட்டப் பகுதியில் பன்றிக்கு வைத்த சுருக்கில் ஒரு கருஞ்சிறுத்தை மாட்டியது. உயிரோடு மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோய்ச் சிகிச்சை கொடுத்தும் மே 29ஆம் திகதி அது இறந்துபோனது. இலங்கையில் காண்பதற்கே அரிதான உயிர் அது. அட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கங்களிலும் சிறுத்தைகள் இப்படிச் சுருக்கில் மாட்டுகின்றன. சிறுத்தையை நாம் 'புலி' என்று சொல்லிப் பயப்படுகிறோம். பயப்பட வேண்டியதுதான். ஆனால் அது எதைத் தின்கிறது என்று பாருங்கள். பன்றி, முள்ளம்பன்றி, கேளையாடு, முயல். நமது பாத்திக்கு வருகிற அதே திருடர்கள். சுருக்கில் சிறுத்தை செத்தால் பன்றிக்குத்தான் கொண்டாட்டம்.

சட்டமும் உண்டு. 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் சிறுத்தை பாதுகாக்கப்பட்ட உயிர். சுருக்கு வைத்தவர் பொலிசுக்கும் நீதிமன்றத்துக்கும் அலைய வேண்டிவரும். சுருக்கு ஆளையும் பார்க்காது. நாயும் மாடும் மாட்டும், இருட்டில் போகிற பிள்ளையின் காலும் மாட்டும்.

அதற்குப் பதிலாக:

- பாத்தியை வீட்டை ஒட்டிப் போடுங்கள். காட்டோரத்தில் போட்டால் பன்றிக்குப் போட்டதுபோல.
- நாலைந்து வீட்டார் சேர்ந்து ஒரே வேலியாக அடையுங்கள். தனி வேலியைவிடச் செலவு குறைவு. வேலியின் அடியில் தகரத்தை ஓர் அடி மண்ணுக்குள் இறக்கினால் முள்ளம்பன்றி தோண்டி நுழைவது கஷ்டம்.
- சமையல் கழிவை வெளியே கொட்டாமல் கூட்டெருக் குழிக்குள் போட்டு மூடுங்கள். கழிவுக்குப் பன்றியும் நாயும் வரும். நாயைத் தேடிச் சிறுத்தை வரும்.
- நாயை இரவில் வெளியே கட்டிப் போடாமல் அடைத்த இடத்தில் வையுங்கள். இருட்டு நேரத்தில் பிள்ளைகளைத் தனியே அனுப்பாதீர்கள்.

பாத்தியிலிருந்து தட்டுக்கு

விளைந்ததையெல்லாம் கடைக்கு அனுப்பிவிட்டுப் பிள்ளைக்கு வெறும் ரொட்டி கொடுத்தால் இந்தப் பாடம் வீண். முதலில் வீட்டுக்கு, மிஞ்சினால் கடைக்கு. ஒரு பிள்ளைக்குத் தினம் ஒரு பிடி கீரையாவது சோற்றில் இருக்க வேண்டும். கீரையை நறுக்கிய பின் கழுவாமல், கழுவிய பின் நறுக்குங்கள். தேங்காய்ப்பூ போட்டு அளவாகச் சுண்டினால் போதும். கரட்டிலும் கீரையிலும் உள்ள கண்ணுக்கு நல்ல சத்தை உடம்பு ஏற்க அந்தத் தேங்காயின் எண்ணெய் உதவுகிறது. இறக்கிய பின் தேசிக்காய் பிழிந்தால் கீரையின் இரும்புச்சத்து நன்றாகச் சேரும்.

இன்னொரு பழக்கம் மாற வேண்டும். சாப்பிட்ட கையோடு பிளேன்டீ குடிக்கிறோம். தேயிலைச் சாயம் கீரையின் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. இரத்தம் குறைந்த பெண்களும் கர்ப்பிணித் தாய்மாரும் சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் இடையில் ஒரு மணி நேரமாவது விடுங்கள். பிள்ளைகளுக்கும் அப்படியே. தேத்தண்ணியை விடச் சொல்லவில்லை, நேரத்தைத்தான் மாற்றச் சொல்கிறோம்.

பிள்ளைகளோடு பத்து நிமிடம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாத்தியோரம் பத்து நிமிடம் சத்தம் போடாமல் பிள்ளைகளோடு உட்காருங்கள். ஒரு பழைய கொப்பியில் திகதி, நேரம், என்ன வந்தது, என்ன தின்றது என்று எழுதச் சொல்லுங்கள். பேர் தெரியாவிட்டால் படம் கீறட்டும். ஒக்டோபருக்குப் பின் கவனமாகக் காது கொடுங்கள். இந்தியாவிலிருந்து வரும் ஆறுமணிக் குருவி விடியலிலும் பொழுது சாய்கையிலும் இரண்டு சீட்டிச் சத்தம் போடும். காஷ்மீரில் குஞ்சு பொரித்துவிட்டு, உடம்பில் சில கிராம் எடை மட்டுமே உள்ள ஈப்பிடிப்பான் குருவி ஒன்று குளிர்காலத்துக்கு நமது மலைநாட்டுக்கு வருகிறது. நுவரெலியா விக்டோரியா பூங்காவில் அதைப் பார்க்க உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அதே மரங்களும் அதே பூச்சிகளும் தோட்டத்திலும் உண்டு. உங்கள் பிள்ளை அதைத் தன் கொப்பியில் எழுதக்கூடும்.

நமது முன்னோர் இந்த மலையைக் கொத்தித் தேயிலை நட்டார்கள். எந்தப் புல் எங்கே முளைக்கும், எந்தக் குருவி எப்போது கத்தும் என்று அவர்களுக்குத் தெரியும். அந்த அறிவு வீட்டுப் பெரியவர்களிடம் இன்னும் இருக்கிறது. தாத்தாவையும் அம்மாயியையும் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

குடும்பத்தோடு பேசிப் பார்க்கச் சில கேள்விகள்

1. நமது வீட்டைச் சுற்றி மரக்கறி போடக்கூடிய இடம் எத்தனை அடி? இப்போது அதில் என்ன இருக்கிறது?
2. இந்தப் பாடத்தில் சொன்ன உயிர்களில் நம் வாசலில் எவற்றைக் கண்டிருக்கிறோம்?
3. வீட்டுக்குள் கிருமிநாசினி ஏதாவது இருக்கிறதா? இருந்தால் இன்றைக்கே அதை யாரிடம் ஒப்படைப்பது?
4. வேலி அடைக்க நம்மோடு சேரக்கூடிய பக்கத்து வீட்டார் யார்?
5. கடந்த வாரம் பிள்ளைகள் எத்தனை நாள் கீரை சாப்பிட்டார்கள்?

ஐந்தாவது கேள்விக்கு "ஏழு நாளும்" என்று சொல்லும் வீடுகள் நமது தோட்டங்களில் பெருக வேண்டும். முள்ளங்கி விதை ஒரு பக்கெற் வாங்கி, ஒரே ஒரு பாத்தியோடு இந்த வாரமே தொடங்குங்கள். மற்ற வேலைக்காரர்கள் தாங்களாகவே வந்து சேர்வார்கள். அவர்களுக்குப் பேர் போட வேண்டியதில்லை. நஞ்சு போடாமல் இருந்தால் போதும்.